பன்னிரண்டு சிரித்த முகங்கள்

மத்தியான நேரம். குக்கர் இரண்டாவது விசில் அடித்து ஓய்ந்தபோது வாசல் கிரில்லில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர் கணேசன் வேலை நாளில் மாலை ஆறரைக்கு முன்னால் வீடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. புக்கிட் தெங்காவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டெக்னீசியன். மெஷின் நின்றால் இவர் ஓடுவார், மெஷின் ஓடினால்தான் இவர் நிற்பார். காய்ச்சலோ, கடல் பாலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டதோ என்று கரண்டியும் கையுமாக ஓடினேன்.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. சப்பாத்தைக் கழற்றினார். ஒன்று இங்கே கிடந்தது, ஒன்று அங்கே கிடந்தது. உள்ளே வந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். அட்டையை மடித்ததே நான்தான். பிளாஸ்டிக் ஜன்னலுக்குப் பின்னால், நீலச் சீருடை போட்ட நாலு அங்குல கணேசன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமை கம்பெனி விருந்தில், அந்த ஆனுவல் டின்னரில்தானே கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்!

"அதுக்குள்ள குடுத்துட்டாங்களா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன்.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியாம என்னங்க? செஞ்சதே நான்தானே!"

"வேல போச்சு தனம்," என்றார். "பன்னெண்டு பேருக்கு. காலையில மீட்டிங் ரூமுக்குக் கூப்புட்டு ஆளுக்கு ஒரு லெட்டர், ஆளுக்கு ஒரு பொம்ம. உனக்கு ஒரு மாசமாத் தெரியும்."

கரண்டியிலிருந்து சாம்பார் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதுவும் அந்த நிமிஷத்தில் தலையில் ஏறவில்லை.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் முன்பு ஒருமுறை, 'கல்யாணத்துக்குச் செய்வேன், பிறந்தநாளுக்குச் செய்வேன், செத்துப்போன நாய்க்குட்டிக்குக்கூடச் செய்வேன், கம்பெனி ஆர்டர் மட்டும் எடுக்க மாட்டேன்' என்று எழுதிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். பட்டர்வொர்த் வாசகி ஒருவர் விடுவதாக இல்லை. 'அக்கா, கம்பெனிக்காரர்கள் உங்களை அப்படி என்னதான் செய்தார்கள்?' என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

என்னை ஒன்றும் செய்யவில்லை தங்கச்சி. நான் செய்ததுதான் கதை. மேலே சொன்ன மத்தியானத்தை எழுத மனசு வரவில்லை, அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப் போட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் டத்தோ கிராமாட்டில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு, போட்டோவைப் பார்த்து மனிதர்களைச் சின்னப் பொம்மையாகச் செய்துகொடுப்பவள். பாலிமர் களிமண். பிசைந்து, உருட்டி, ஊசியால் முகம் வைத்து, சமையலறை மின்னடுப்பில் சுட்டால் கெட்டியாகிவிடும். பிறகு வர்ணம்.

கீழ் இமையில் இருக்கிறது சிரிப்பு

இந்த வேலைக்கு நான் எங்கும் போய்ப் படிக்கவில்லை. இளவயதில் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் ஆப்பரேட்டராக இருந்தேன். முடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். கை நடுங்காமல் இருக்க அங்கே பழகியது.

முகம் பார்க்கவும் அங்கேதான் பழகினேன். அது எப்படி என்று சிரிக்காதீர்கள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, தலைக்கு மூடி, வாய்க்கு முகமூடி. கண் மட்டும்தான் வெளியே. பக்கத்து இருக்கை பாத்திமா இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாளா, சூப்பர்வைசர் திட்ட வருகிறாரா, சும்மா வருகிறாரா, எல்லாவற்றையும் கண்ணை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போது தெரிந்துகொண்டதுதான். சிரிப்பு வாயில் இல்லை, கீழ் இமையில் இருக்கிறது. நாலு அங்குலப் பொம்மையில் முகம் என்பது கட்டைவிரல் நகத்தளவு. அதில் வாயை எவ்வளவு வளைத்தாலும் சிரிக்காது. கீழ் இமையை ஊசி முனையால் ஒரு மயிரிழை மேலே தூக்கிப் பாருங்கள், பொம்மை சிரித்துவிடும். புருவத்தின் உள்முனையை அதே அளவு தூக்கினால் அழுதுவிடும். நடுவில் இருக்கும் தூரம் அவ்வளவுதான்.

ஒரு சீன ஆன்ட்டி செத்துப்போன தன் புருஷனைச் செய்யச் சொல்லி வந்தார். நான் தாராள மனசோடு மனிதரைச் சிரிக்க வைத்துக் கொடுத்தேன். ஆன்ட்டி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது யார்?" என்று கேட்டார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லையாம். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று செய்தேன், புருவம் நெரிந்து, உதடு ஒட்டி, இப்போதே சண்டைக்கு வருகிற முகம். ஆன்ட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதார், போகும்போது என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

சிரிப்பு எல்லாருக்கும் பொருந்தாது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல, ஒவ்வொரு பொம்மைக்கும் இடது காதுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டு வைப்பேன். ஊசி முனையில் கறுப்பைத் தொட்டு ஒரே ஒரு புள்ளி. வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. வீட்டில் இருக்கும் கணேசனுக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லக்கூடாத சேதி

பட்டர்வொர்த்தில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஷீ லிங்தான் எனக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவள். அந்த மத்தியானத்துக்கு ஒரு மாதம் முன்பு வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு போட்டோ அனுப்பினாள். எல்லாம் கம்பெனி பேட்ஜுக்கு எடுத்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயரும், எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதும் இருந்தன. அவற்றைப் பொம்மையின் பீடத்தில் எழுத வேண்டும்.

ஐந்தாவது படத்தில் என் புருஷன் முறைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கிவாரிப் போட்டது. முதல் படத்திலிருந்து மறுபடி பார்த்தேன். எல்லாரும் அனுபவசாலிகள், தலை நரைத்தவர்கள். அடுத்த மாதம் ஆனுவல் டின்னர் வருகிறது. அங்கே வருஷா வருஷம் நீண்ட காலம் உழைத்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஏதாவது கொடுப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு வருஷம் சுவர்க் கடிகாரம், ஒரு வருஷம் ரைஸ் குக்கர். இந்த வருஷம் பொம்மை! அதுவும் என் கையால்!

ஷீ லிங்கின் சேதியும் அதற்குத் தோதாகவே இருந்தது. 'கம்பெனி இன்னும் அறிவிக்கவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம் ஆன்ட்டி. எல்லா முகமும் சந்தோஷமாக இருக்கட்டும்' என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருந்தாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பன்னிரண்டில் ஒருவர் என் வீட்டுக்காரர் என்றும் வாய் திறக்கவில்லை. சொன்னால் ரகசியம் உடைந்துவிடும் என்று வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பதினொரு பேரை இவர் இல்லாத பகலில் மேசையில் வைத்துச் செய்து, சாயங்காலம் எடுத்து மறைத்தேன். கணேசனைக் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் செய்தேன். மற்றவர்களுக்கு எனக்குத் தெரிந்த பொதுச் சிரிப்பு ஒன்றைப் போட்டேன். இவருக்கு அப்படிப் போட மனசு வரவில்லை.

இவர் வேலையிடத்தில் சிரிக்காத மனிதர். வீட்டில் சிரிப்பார், அதுவும் எப்போதாவது. வாய் திறக்காது, இடது கன்னம் மட்டும் ஏறும், கண் பாதி மூடும். எங்கள் மகள் படித்து முடித்து அங்கியோடு மேடை ஏறினாள் பாருங்கள், அன்றைக்குச் சிரித்தது அந்தச் சிரிப்பு. அதைப் பிடிக்க மூன்று தலை செய்து மூன்றையும் நசுக்கினேன். நாலாவது தலை என்னைப் பார்த்து இடது கன்னத்தால் சிரித்தது. நானும் திருப்பிச் சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் செய்ததிலேயே நல்ல முகம் அதுதான்.

பொம்மைகளை மடியில் வைத்துக்கொண்டு ஃபெரிப் படகில் பட்டர்வொர்த் போய் ஷீ லிங்கிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வருகிற வழியில் அவருக்கு ஒரு நீளக்கை பாத்தேக் பூச்சட்டை வாங்கினேன்.

"எதுக்கு இது?" என்று கேட்டார்.

"டின்னருக்குப் போட்டுக்கங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி வரப்போவுதுன்னு எனக்குத் தோணுது," என்றேன். அந்த மாதம் முழுக்க இதே குசும்புதான். அவர் சாப்பிடும்போது பார்த்துச் சிரிப்பேன். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மீட்டிங் ரூமில்

அன்று மத்தியானம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேரையும் வட்டமாக உட்கார வைத்திருக்கிறார்கள். வியாபாரம் சரியில்லை, இந்த மாதத்தோடு சரி என்று ஒரு அம்மாள் காகிதத்தைப் பார்த்துப் படித்திருக்கிறார். பிறகு கடிதம். பிறகு, "உங்கள் நினைவாக" என்று பெட்டி. எல்லாரும் எழுந்து நின்று பொம்மையைக் கையில் பிடிக்க வேண்டுமாம், போட்டோ எடுக்க.

"பன்னெண்டு பேரும் செத்த மூஞ்சியோட நிக்கிறோம். கையில மட்டும் சிரிக்கிற மூஞ்சி," என்றார். "ராமு அண்ணன் கண்ணத் தொடைக்கிறாரு. அவரோட பொம்ம ஈன்னு பல்லக் காட்டுது. அந்த அம்மா ஸ்மைல் ஸ்மைல்னு சொல்லிக்கிட்டே போட்டோ புடிக்கிறாங்க."

அவர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரிதான் சிரிச்சுது. என்னோடது மட்டும் வேற. இந்தச் சிரிப்ப அந்தக் கம்பெனியில எவனும் பாத்ததில்ல. நான் இப்படிச் சிரிப்பேன்னு எனக்கே தெரியாது. யாருக்குத் தெரியும்? திருப்பிக் காதுக்குப் பின்னால பாத்தேன். பொட்டு இருந்துச்சு."

"விருதுன்னு நெனச்சேங்க. சத்தியமா விருதுன்னுதான்…"

"ஒரு மாசமா என்னயப் பாத்து சிரிச்சியே. சட்ட வாங்கிக் குடுத்தியே. நல்ல சேதி வருதுன்னியே."

ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்துவந்து ஷீ லிங்கின் சேதியைக் காட்டினேன். இதைப் படித்தால் புரியும், நான் எப்படி ஏமாந்தேன் என்று தெரியும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கம்பெனி இன்னும் அறிவிக்கல, யார்கிட்டயும் சொல்ல வேணாம்," என்று சத்தமாக வாசித்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நீயும் சொல்லல."

அதே வரி. ஒரு மாதமாக எனக்கு இனித்த வரி. அவர் வாயால் கேட்டபோதுதான் அதற்கு இன்னொரு முகம் இருப்பது எனக்குத் தெரிந்தது. வேலை போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய இடி. வேலை இன்னொன்று தேடலாம். இந்த மனிதர் இனி நான் சிரிக்கும்போதெல்லாம் உள்ளே எதையோ ஒளிக்கிறேன் என்று நினைத்தால் நான் எங்கே போவேன்?

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

வாசலுக்கு வெளியே ஃபிளாட் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறியது. நான் நாலு முறை போய்ப் பேசிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி ஒருவழி ஆகியிருப்பேன்.

மோசஸ் வந்தான்

ஆறரை மணிவாக்கில் மோசஸ் வந்தான். அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இவரை அண்ணன் என்றும் என்னை அக்கா என்றும் வாய் நிறையக் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவன். அவனுடைய மூன்றாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதுகூடக் குட்டிப் பாப்பா ஒன்று செய்து கொடுத்திருந்தேன். செய்தி கேட்டு, வேலை முடிந்த கையோடு மூன்று பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு நேராக வந்திருக்கிறான்.

"என்னண்ணே இது, நம்பவே முடியலலா," என்று இவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தான். மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. அண்ணன் அழகாச் சிரிக்கிறாரு."

அவனே பேசிக்கொண்டு போனான்.

"கவலப்படாதீங்கண்ணே. நான் உள்ளதானே இருக்கேன். எச்.ஆர்.ல நமக்கு ஆள் இருக்கு. எங்க வேக்கன்சி வந்தாலும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன். நான் இருக்கேன்லா!"

அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. ஷீ லிங்.

'ஆன்ட்டி, கம்பெனிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த செட் அனுப்புகிறேன், வருகிற மாதம் முதல் வாரம் வேண்டும். முன்னதைவிட இன்னும் நன்றாகச் சிரிக்கட்டும்.'

படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் மீசை வைத்த மோசஸ். பேட்ஜ் போட்டோவுக்கென்று தலையைப் படிய வாரியிருந்தான்.

நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். பிறகு மெதுவாக என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மோசஸ் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். "சாப்புடுங்கக்கா, ஆறிடும்."

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். பசியோடு வந்த பிள்ளை, ஒரு வாய் சாப்பிடட்டும், நாளைக்குச் சொல்லலாம், அந்தக் கம்பெனியே சொல்லட்டும், நமக்கு ஏன் பொல்லாப்பு என்றெல்லாம் வரிசையாக வந்தது. எல்லாம் நல்ல காரணங்கள். சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே பயமாகிவிட்டது.

"மோசஸ், அத கீழ வை தம்பி," என்றேன். "இதப் பாரு. இப்பத்தான் வந்துச்சு. அண்ணன் படத்த அனுப்புன அதே ஆளு."

கைப்பேசியை அவன் கையில் கொடுத்தேன்.

அந்த முகத்தை எப்படி எழுதுவது? வாய் இன்னும் பாதிச் சிரிப்பில் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பிய சிரிப்பு, அதற்கு நிற்க நேரம் கிடைக்கவில்லை. கண் மட்டும் நின்றுவிட்டது. வாய்க்கு இன்னும் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவோ முகங்கள் செய்துவிட்டேன். அதை மட்டும் என்னால் செய்ய முடியாது, யார் கேட்டாலும் செய்ய மாட்டேன்.

அவன் திரையைத் தள்ளி மற்றப் படங்களைப் பார்த்தான். திரும்பவும் தன் படத்துக்கு வந்தான்.

"எப்பக்கா டெலிவரி கேட்டிருக்காங்க?" என்றான்.

"வர்ற மாசம் மொத வாரம்."

"மொத வாரம்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பஸ் எப்போது வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்.

என் வீட்டுக்காரர் எழுந்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவன் முதுகில் கையை வைத்தபடி, மத்தியானத்திலிருந்து முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"உனக்கு நெஜமாவே தெரியாது தனம்," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியாதுங்க," என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.